விடையாகவே வர முடியாத முதல் சொல்

மறைந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தைத் தொடங்கச் சிறந்த சொல் எது என்று கணினிகள் தேடிக் கண்டுபிடித்துவிட்டன. அந்தச் சொல் ‘சாலெட்’. எஸ், ஏ, எல், ஈ, டி என்று ஐந்து எழுத்து. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்கள் அணிந்த ஒருவகைத் தலைக்கவசத்தின் பெயர் அது. வியப்பு என்னவென்றால், வேர்டிலின் மூல விடைப் பட்டியலில் இந்தச் சொல்லே கிடையாது. அந்தப் பட்டியலின்படி, எத்தனை முறை இட்டாலும் ஐந்து கட்டமும் பச்சையாகி விடை சரியென்று காட்டப்போவதில்லை. ஒருபோதும் சரியாக இருக்க முடியாத ஊகம் எப்படி எல்லாவற்றிலும் சிறந்த ஊகமாகும்?

ஆகும். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் முதல் சொல் ஒரு கேள்வி. அது சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நிறையத் தெரிந்துகொள்ள உதவினால் போதும். நல்ல கேள்வி என்றால் என்ன, அதன் தரத்தை அளக்க முடியுமா என்ற பெரிய விஷயங்கள் ஐந்து கட்டங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அந்த அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. அதற்கு வயது எழுபத்தைந்துக்கு மேல்.

இருவர் சேர்ந்து செய்த ஆட்டம்

வேர்டிலை உருவாக்கியவர் ஜாஷ் வார்டில். பிரிட்டனின் வேல்ஸில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்துவந்த மென்பொருள் பொறியாளர். 2013லேயே இதற்கு ஒரு முன்மாதிரி செய்து பார்த்துவிட்டுக் கிடப்பில் போட்டிருந்தார். கொரோனா காலத்தில் அவருடைய துணைவி பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டுகளில் ஆர்வம் பெருகியது. அவருக்காகப் பழைய முயற்சியைத் தூசி தட்டி எடுத்தார் வார்டில்.

ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. பலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தவை, தெரியாதவை என்று பிரித்தார். அப்படிச் சலித்தெடுத்த பட்டியலிலிருந்து 2,315 சொற்கள் மூல ஆட்டத்தின் விடைகளாயின. ஊகமாக இடுவதற்கு, விடைகளையும் சேர்த்து, 12,972 சொற்கள் அனுமதிக்கப்பட்டன. சாலெட் இந்த இரண்டாவது பட்டியலில் உண்டு, முதல் பட்டியலில் இல்லை.

2021 அக்டோபரில் ஆட்டம் பொதுமக்களுக்கு வந்தது. நவம்பர் 1ஆம் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி தொடக்கத்தில் மூன்று லட்சம் பேர். அடுத்த வாரமே இருபது லட்சத்தைத் தாண்டியது. அந்த மாத முடிவில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

விதிகள் எளியவை. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை இடுகிறோம். எழுத்தும் இடமும் சரியென்றால் அந்தக் கட்டம் பச்சை. எழுத்து உண்டு, இடம்தான் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லையென்றால் சாம்பல். ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாளுக்கு ஒரே சொல், எல்லோருக்கும் அதே சொல்.

ஒரு கேள்வியின் எடை

1948இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் ஒரு கட்டுரை எழுதினார். தொலைபேசி, தந்தி போன்றவற்றில் செய்தியை எப்படிச் சிக்கனமாக அனுப்புவது என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அதைத் தீர்க்க முதலில் ‘தகவல்’ என்பதை அளந்தாக வேண்டும். அவர் கண்ட வழி இன்று நம் கையிலிருக்கும் ஒவ்வொரு போனுக்கும் அடித்தளம்: ஒரு பதில் எந்த அளவுக்கு எதிர்பாராததோ, அந்த அளவுக்கு அதில் தகவல் இருக்கிறது.

1 முதல் 100 வரை ஓர் எண்ணை ஒருவர் நினைத்துக்கொள்கிறார். “அது 73ஆ?” என்று கேட்டால் பதில் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் வரும். அது நமக்கு முன்பே தெரியும். ஆகவே அந்தப் பதிலால் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. “50க்கு மேலா?” என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டுக்கும் சம வாய்ப்பு. எந்தப் பதில் வந்தாலும் பாதி எண்கள் கழிந்துவிடும். இப்படிச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு பதிலில் உள்ள தகவலின் அளவுதான் ஒரு பிட். ஏழு பிட் இருந்தால் 128 பொருள்களில் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே நூறு எண்களுக்கு ஏழு கேள்விகள் போதும்.

வேர்டிலுக்கு வருவோம். 2,315 சொற்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தகவல் 11.2 பிட் அளவு. ஆம், இல்லை என்று மட்டும் கேட்டுப் போனால் பன்னிரண்டு கேள்விகள் வரை ஆகும். ஆனால் இங்கே ஓர் ஊகத்துக்கு வரும் பதில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்கள். மொத்தம் 243 வண்ணக்கோலங்கள். அவற்றில் நான்கு பச்சை, ஒரு மஞ்சள் என்று வருவது நடக்காது. நான்கு எழுத்துகள் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டால் ஐந்தாவதற்கு வேறு இடம் ஏது? அப்படிப்பட்ட ஐந்தைக் கழித்தால் 238 மிஞ்சும்.

ஆக ஒரே ஊகம் 2,315 சொற்களை 238 கூடைகள் வரை பிரித்துப் போடக்கூடும். எத்தனை கூடைகளில் சொற்கள் விழுகின்றன, எவ்வளவு சமமாக விழுகின்றன என்பதே முதல் சொல்லின் தரம். ‘ஃபஸி’ (எஃப், யு, இரண்டு இஸட், ஒய்) என்று தொடங்கினால் பெரும்பாலான நாள்களில் எல்லாம் சாம்பலாகவே வரும். ஒரு பெரிய கூடை நிரம்பி வழியும், மற்றவை வெறுமையாகக் கிடக்கும். இது “73ஆ?” என்று கேட்பது போலத்தான். ‘ரெய்ஸ்’ (ஆர், ஏ, ஐ, எஸ், ஈ) என்று தொடங்கினால் சொற்கள் 132 கூடைகளில் பிரிந்து விழுகின்றன. அந்த ஒரு சொல் தரும் சராசரித் தகவல் 5.88 பிட். தேவையான மொத்தத் தகவலில் பாதிக்கு மேல் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது.

ரெய்ஸுக்கு ஐந்து கட்டமும் சாம்பலாக வந்தால் என்ன ஆகும்? பலரும் அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு சோர்ந்துபோவார்கள். உண்மையில் அப்போது மிஞ்சுவன 168 சொற்கள். 2,147 சொற்கள் ஒரே அடியில் கழிந்துவிட்டன. பட்டியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்குக்கு மேல் துடைத்தெறிந்த பதில் அது. ரெய்ஸுக்கு வரக்கூடிய பதில்களில் மிக மோசமானதே இவ்வளவு தருகிறது.

எழுத்துகளின் இருப்பும் இடமும்

நல்ல தொடக்கச் சொல்லுக்குள் என்ன இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து ‘ஈ’. விடைப் பட்டியலில் 1,056 சொற்களில் அது வருகிறது, ஏறத்தாழ பாதி. ‘ஏ’ 909 சொற்களில், ‘ஆர்’ 837இல். மறுமுனையில் ‘க்யூ’ வருவது 29 சொற்களில் மட்டும். “ஈ உண்டா?” என்பது சரிபாதிக் கேள்வி. “க்யூ உண்டா?” என்பதற்குப் பதில் கேட்காமலே தெரியும்.

ஆனால் எழுத்துகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் போதாது, அவை நிற்கும் இடமும் பேசும். விடைப் பட்டியலில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் 366. வேறெந்த எழுத்துக்கும் இத்தனை தொடக்கங்கள் இல்லை. ‘எஸ்’ எழுத்தில் முடிபவையோ வெறும் 36. எஸ் சேர்த்து உருவாகும் பன்மைச் சொற்கள் விடைகளில் இடம்பெறாததே காரணம். அதனால் எஸ்ஸைக் கடைசியில் வைத்தால் பச்சை அரிது, முதலில் வைத்தால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் சாம்பலுக்கும் நியாயமான வாய்ப்பு உண்டு. சாலெட்டின் வலிமை இதில் இருக்கிறது. அதே ஐந்து எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘டேல்ஸ்’ என்ற சொல் வரும். எழுத்துகள் ஒன்றே, கேள்வியின் கூர்மை வேறு.

பலருக்கும் பிடித்த தொடக்கம் ‘அடியூ’. ஏ, ஐ, ஈ, யு என நான்கு உயிரெழுத்துகள் அதில் உள்ளன. உயிரெழுத்துகளை முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் 2023இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட அலசலில், அதிகம் பேர் இடும் அடியூவே பிரபலமான தொடக்கச் சொற்களுள் பின்தங்கி நின்றது. கிட்டத்தட்ட எல்லா ஆங்கிலச் சொல்லிலும் ஒன்றிரண்டு உயிரெழுத்துகள் இருக்கத்தான் செய்யும். ஏயும் ஈயும் உண்டு என்று தெரிந்த பிறகும் ‘பிளேட்’, ‘ஸ்கேட்’, ‘கிரேன்’, ‘ஷேப்’ என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றையொன்று பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகளே. போதாக்குறைக்கு ‘யு’ எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்கள் மிகச் சில. அடியூவின் கடைசிக் கட்டம் பச்சையாவது அபூர்வம்.

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் போட்டுப் பார்க்கக் கணினி வேண்டும். தகவல் அளவை மட்டும் பார்த்தால் முதலிடம் ‘சோரே’ என்ற சொல்லுக்கு. ஆனால் முதல் ஊகத்தில் அதிகத் தகவல் தருவதே முழு ஆட்டத்திலும் சிறந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. அடுத்தடுத்த ஊகங்கள் எப்படி அமையும் என்பதையும் கடைசிவரை கணக்கிட வேண்டும். 2022இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ், அலெக்ஸ் பாஸ்கோவ் இருவரும் அதைச் செய்தார்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் பின்வரும் கிளைகளை முழுமையாக ஆராய்ந்ததில் சாலெட் முதலிடம் பெற்றது. சராசரியாக 3.421 ஊகங்கள். மூல விடைப் பட்டியலில் உள்ள எந்தச் சொல்லையும் ஐந்துக்குள் பிடித்துவிடலாம்.

இந்தவகைத் தேடல் வேர்டிலோடு தொடங்கியதல்ல. 1970களில் பிரபலமான ‘மாஸ்டர்மைண்ட்’ ஆட்டத்தில் ஆறு நிறங்களிலிருந்து நான்கு முளைகளை மறைத்து வைப்பார்கள், ஒரே நிறம் திரும்பவும் வரலாம். மொத்தம் 1,296 சாத்தியங்கள். கணினி அறிவியலாளர் டொனால்டு நூத், எதையும் ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடிக்க முடியும் என்று அந்தப் பத்தாண்டிலேயே நிறுவினார். அவர் காட்டிய முதல் அடி, ஒரு நிறத்தில் இரண்டு, இன்னொரு நிறத்தில் இரண்டு. அங்கும் முதல் அடி கேள்விதான்.

ஒரு பொறி, அதிலிருந்து ஒரு வழி

இரண்டாவது ஊகமாக ‘லைட்’ என்று இட்டீர்கள். எல் மட்டும் சாம்பல். ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சை. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எஞ்சியவற்றில் பழக்கமானவற்றை மட்டும் எண்ணினாலே நைட், ரைட், சைட், ஃபைட், மைட், டைட், எய்ட் என ஏழு உண்டு. வாய்ப்புகளோ நான்கு. ஒவ்வொன்றாக இட்டுப் போனால் ஏழில் மூன்று முறை தோல்விதான்.

இங்கேதான் கேள்வி கேட்கத் தெரிந்தவர் வேறுபடுகிறார். அவர் மூன்றாவது ஊகமாக ‘ஃபிலிம்ஸ்’ என்று இடுவார். அது விடையாக இருக்க முடியாது என்று அவருக்கே தெரியும். ஆனால் எஃப், எம், எஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் விசாரித்துவிடுகிறது. எஃப் பச்சையானால் விடை ஃபைட். எம் மஞ்சளானால் மைட். எஸ் மஞ்சளானால் சைட். மூன்றும் சாம்பலென்றால் நைட், ரைட், டைட், எய்ட் என நான்கு மிஞ்சும். அப்போது ‘ட்ரெண்ட்’ என்று இடலாம். என் மஞ்சளானால் நைட், ஆர் மஞ்சளானால் ரைட், நடுவிலுள்ள ஈ மஞ்சளானால் எய்ட். முதல் கட்டத்து டி பச்சையானால் டைட். ஐந்தாவது ஊகத்தில் விடை உறுதி, அதுவும் ஒரு வாய்ப்பு மீதம் இருக்கும்போதே.

நேராக விடையைத் துரத்தினால் ஏழில் மூன்று முறை தோல்வி. இரண்டு முறை விடையை விட்டு விலகி நின்று கேட்டால் தோல்விக்கே இடமில்லை. கண்டறிந்த குறிப்புகளைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற ‘ஹார்ட் மோட்’ விதியில் இந்த வழி அடைபட்டுவிடும். அந்த விதி ஆட்டத்தைக் கடினமாக்குவதற்குக் காரணமே, கேள்வி கேட்கும் சுதந்திரத்தை அது பறிப்பதுதான்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே கணக்கு

1943இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர், அமெரிக்க ராணுவத்தில் சேர வந்தவர்களுக்குச் செய்யப்பட்ட சிஃபிலிஸ் பரிசோதனையைப் பற்றி யோசித்தார். நோய் அரிது. ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனியே சோதித்தால் ஏறக்குறைய எல்லாப் பதிலும் “இல்லை” என்றே வரும். எதிர்பார்த்த பதிலைப் பெறுவதற்கு அவ்வளவு உழைப்பு, அவ்வளவு செலவு. பலருடைய ரத்த மாதிரிகளைக் கலந்து ஒரே சோதனை செய்தால் என்ன என்று கேட்டார். கலவையில் நோய் இல்லையென்றால் அத்தனை பேரும் ஒரே சோதனையில் விடுபடுவார்கள். இருந்தால் மட்டும் தனித்தனியே பார்த்தால் போதும். பலரைச் சேர்க்கச் சேர்க்க “உண்டு” என்ற பதிலுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஊகிக்க முடிந்த பதிலைத் தந்த கேள்வி, ஊகிக்க முடியாத பதிலைத் தரும் கேள்வியாக மாறுகிறது.

2020 ஏப்ரலில், கொரோனா பரிசோதனைக் கருவிகள் தட்டுப்பாடாக இருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதே முறையைப் பரிந்துரைத்தது. அதிகபட்சம் ஐந்து மாதிரிகள் வரை கலக்கலாம், தொற்று குறைவாக உள்ள பகுதிகளில் மட்டும் என்பது நிபந்தனை. தொற்று பரவலாக உள்ள ஊரில் கலவைகளெல்லாம் “உண்டு” என்றே காட்டும், மறுபடியும் ஊகித்த பதிலே வரும். எத்தனை பேரைக் கலப்பது என்ற முடிவும், எந்தச் சொல்லில் தொடங்குவது என்ற முடிவும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை.

தமிழில் ஆடினால்

ஷானன் 1951இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஆங்கில உரைநடைப் பகுதி ஒன்றை மறைத்து வைத்து, அடுத்த எழுத்து என்னவென்று ஒருவரை ஊகிக்கச் சொன்னார். பெரும்பாலான இடங்களில் முதல் ஊகமே சரியாக இருந்தது. 26 எழுத்துகளும் சம வாய்ப்போடு வந்தால் ஓர் எழுத்துக்கு 4.7 பிட் தேவை. உண்மையான ஆங்கில உரையில் அது ஒரு பிட் அளவுதான் என்று அவர் மதிப்பிட்டார். மொழி தன் ஒழுங்கின் வழியே அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போகிறது.

அந்த ஒழுங்கைத் தமிழில் வெகுகாலத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் மொழிமரபு, எந்தெந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும், எவை இறுதியில் வரும் என்று வகுத்துச் சொல்கிறது. தனி மெய் சொல்லைத் தொடங்காது. டகர, றகர, ளகர வரிசைகள் முதலில் வாரா. வல்லின மெய் இறுதியில் நிற்காது. சொல் விளையாட்டு ஆடுபவருக்கு இவை முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பற்றி இலவசமாகக் கிடைத்த பிட்டுகள்.

தமிழிலும் இத்தகைய ஆட்டங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஆங்கில விதியை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரு சிக்கல் எழும். தமிழில் எழுத்துகள் 247. அவற்றில் உயிர்மெய் மட்டும் 216. நாம் இடும் ‘கி’ மறைந்திருக்கும் சொல்லில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலும் சாம்பல்தான் வரும். ஊகித்த பதில், தகவல் இல்லாத பதில். இதற்குத் தீர்வும் நம் எழுத்தமைப்பிலேயே இருக்கிறது. ‘கி’ இட்ட இடத்தில் ‘கா’ இருந்தால், மெய் சரி, உயிர் வேறு என்று தனியாக ஒரு குறி காட்டலாம். 216 என்பது 18 மெய், 12 உயிர் என்று இரண்டு சிறிய கேள்விகளாகப் பிரிந்துவிடும். இரண்டுக்கும் வரும் பதில் ஊகிக்க முடியாததாகவும், அதனாலேயே பயனுள்ளதாகவும் அமையும்.

நாளைக்கு எந்தச் சொல்?

சாலெட்டைத்தான் இட வேண்டுமா? தேவையில்லை. சாலெட், ட்ரேஸ், ஸ்லேட், கிரேன் ஆகிய நான்கில் எதில் தொடங்கினாலும், அடுத்த அடிகளைக் கணினி போல் பிழையின்றி வைத்தால் சராசரியில் வரும் வேறுபாடு ஓர் ஊகத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பழக்கமான எழுத்துகள், திரும்ப வராத ஐந்து எழுத்துகள், அவை வழக்கமாக நிற்கும் இடங்கள் என இந்த மூன்றும் பொருந்தினால் உங்களுக்குப் பிடித்த சொல்லே போதும். பிறகு அதையே தினமும் இடுவது நல்லது. ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்பவருக்கு, எந்த வண்ணக்கோலத்துக்குப் பின் என்னென்ன சொற்கள் மிஞ்சும் என்பது மெல்ல மெல்லப் பழகிவிடும்.

அந்தப் பழக்கம் கைகொடுப்பது இரண்டாவது, மூன்றாவது சொற்களில். பொதுவாகத் தோற்பவர்கள் தோற்பது அங்கேதான். கையில் கிடைத்த மஞ்சளையும் பச்சையையும் எப்படியாவது பொருத்தி, உடனே ஒரு விடையைச் சொல்லிவிடத் துடிக்கிறோம். சரியாகச் சொல்ல வேண்டும் என்ற அவசரம், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பொறுமையைத் தின்றுவிடுகிறது. விசைப்பலகையில் விரல் வைக்கும் முன், இந்தச் சொல்லுக்கு என்ன நிறங்கள் வரும் என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். எளிதாகச் சொல்ல முடிந்தால் அந்தச் சொல்லை இட வேண்டாம். பதில் என்னவென்று உங்களுக்கே பிடிபடவில்லை என்றால், இடுங்கள். அதுதான் நல்ல கேள்வி.